முகமறியாதவர்க்கு ஒரு விண்ணப்பம்

பிழைப்பு நாடித் தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்த நம் முன்னோரில் பலர் இரண்டு பொருள்களைத் தவறாமல் உடன் கொணர்ந்தனர். ஒன்று தகரப் பெட்டி. மற்றொன்று சட்டைப் பையில் மடித்து வைத்த கடிதம். இதனைக் கொண்டு வருபவர் நமக்கு வேண்டியவர், தங்களால் இயன்றதைச் செய்க என்பதே பெரும்பாலும் அதன் சாரம். ஊர்ப் பள்ளி ஆசிரியரோ, ஒன்றுவிட்ட சிற்றப்பாவோ எழுதிக் கொடுத்த அந்தக் கடிதத்திற்குச் சிபாரிசு என்று பெயர்.

இவ்வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் முருகாற்றுப்படை நீங்கலான நான்கும், பரிசில் பெற்று மீள்பவன் எதிர்ப்பட்ட வறிய கலைஞனை இன்ன வள்ளலிடம் இவ்வழியே செல்க என்று ஆற்றுப்படுத்துவனவே. பதினோராந் திருமுறையின் தொடக்கத்தில் நிற்கும் திருமுகப் பாசுரமோ, பாணபத்திரருக்குப் பொருள் வழங்குமாறு சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவனே எழுதிய ஓலை எனப் போற்றப்படுவது. சிபாரிசுக் கடிதம் ஒன்றிற்கு இதனினும் உயர்ந்த கையொப்பம் கிடைத்தல் அரிது!

ஆயினும், இவற்றிலெல்லாம் கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் நடுவே ஒருவர் நிற்கிறார். அப்படி நிற்பதற்கு எவரும் இல்லாதவன் யாது செய்வான்? தன் பெயரையே அறியாத ஒரு பெரியவருக்குத் தானே எழுத வேண்டியதுதான். அது இரத்தல் ஆகாதோ என்னும் கூச்சம் நம்மவரைத் தடுப்பதுண்டு. இரவு, இரவச்சம் என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த வள்ளுவர் இக்கூச்சத்தை நன்கு அறிந்தவர். அதனைக் கடந்து எழுதிய இருவரின் வரலாற்றை இங்கே நோக்குவோம்.

முதலாமவர் மைக்கேல் பாரடே. கொல்லரின் மகன், லண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். விஞ்ஞானத் துறையில் எத்துணைச் சிறிய வேலையாயினும் போதும் என்று ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு அவர் எழுதினார். விடை வரவில்லை. 1812-ஆம் ஆண்டு, கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் அளித்த அனுமதிச் சீட்டுகளைக் கொண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, விரித்தெழுதி, தம் கையாலேயே அழகாகக் கட்டினார். அவ்வாண்டு டிசம்பரில் டேவிக்கு எழுதிய விண்ணப்பத்துடன் அத்தொகுப்பையும் அனுப்பினார். இம்முறை விடை வந்தது. 1813 மார்ச் 1-ஆம் நாள் அங்கே இரசாயனக் கூட உதவியாளர் ஆனார். பாங்க்ஸுக்கு எழுதியவரும் டேவிக்கு எழுதியவரும் ஒருவரே, குறையும் ஒன்றே. இரண்டாவது கடிதத்தோடு மட்டும் அவருடைய உழைப்பும் சென்றது.

இரண்டாமவர் நம் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் எப்.ஏ. தேர்வில் தவறியவர். 1909-இல் திருமணமும் ஆயிற்று, வேலை இல்லை. 1910-இல் திருக்கோவிலூருக்குச் சென்று, டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் தோற்றுவித்தவர் அவர். ராமானுஜன் கேட்டதோ ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர் அவ்வேலையைக் கொடுக்கவில்லை. இத்தகைய அறிவை ரெவினியூ இலாகாவின் கடைப்படியில் அமுக்கிவிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. வேண்டிய வேலையை மறுத்ததே அவர் செய்த பேருதவி என்று நாம் கருதுகிறோம். ஆனால் மறுத்ததோடு நிற்கவில்லை. சென்னையில் பேராசிரியராக இருந்த சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். சேஷு ஐயர் நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவுக்குக் கடிதம் கொடுத்தார். என்ன வேண்டும் என்று ராவ் வினவியபோது, ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு உயிர் தாங்கும் அளவு உணவு போதும் என்பதே விடையாக இருந்தது. ராவ் சில காலம் தம் கைப்பணத்தையே மாதந்தோறும் அளித்து வந்தார். பிறர்க்கு நெடுநாள் பாரமாக இருக்க விரும்பாத ராமானுஜன் மீண்டும் வேலை தேடினார். பேராசிரியர் மிடில்மாஸ்டின் நற்சான்றுடன் சென்னைத் துறைமுக அலுவலகத்திற்கு விண்ணப்பித்து, 1912 மார்ச் 1-ஆம் நாள் கணக்குப் பகுதியில் மாதம் ரூ. 30 சம்பளத்தில் அமர்ந்தார். பாரடே வேலை பெற்றதும் அதே மார்ச் 1 என்பது தற்செயலே. சோதிடப் பிரியர்கள் மன்னிக்க.

அங்கிருந்துதான் கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்குக் கடிதங்கள் சென்றன. பேக்கர், ஹாப்சன் இருவரிடமிருந்தும் பயன் விளையவில்லை. அவர்களைத் தூற்றுவது எளிது. ஆனால் புகழ்பெற்ற கணித அறிஞர்களுக்கு, வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டோம் என்று எழுதுவோர் எக்காலத்தும் உண்டு. பதரிடையே நெல்மணியைப் பொறுக்க எல்லோர்க்கும் பொழுது வாய்ப்பதில்லை. இன்று தபால் தலையும் ஒட்டாமல் மின்னஞ்சலில் நூறு பேருக்கு ஒரே வாசகத்தை அனுப்பிவிட்டு, விடை காணோமே என்று நோகும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

1913 ஜனவரி 16-ஆம் நாள் ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதப்பட்டது. தம்மைத் துறைமுகக் கணக்குப் பகுதிக் குமாஸ்தா என்று அறிமுகம் செய்துகொண்டார். ஆண்டுச் சம்பளம் 20 பவுன் மட்டுமே என்றார். வயது ஏறத்தாழ 23 என்றார். உண்மையில் 25 நிறைந்திருந்தது. கடிதத்தின் தொடக்கத்தில் 'பெக்' என்னும் ஆங்கிலச் சொல் வருகிறது. இதனைப் பிச்சை என்றோ இரத்தல் என்றோ தமிழாக்குவோர் உளர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை ஏற்பதற்கில்லை. அது அக்காலக் கச்சேரிக் கடிதங்களின் மரியாதை வாய்பாடு. 'பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. கடிதத்தின் பின்பகுதியோ பணிவுக்கு நேர்மாறானது. ஏறத்தாழ 120 தேற்றங்களை நிரூபணமின்றி வரிசையாக நிறுத்தி, மதிப்புடையன இருப்பின் வெளியிட விரும்புவதாக எழுதினார். தம்மைச் சோதித்துப் பார்க்கும் கருவியையும் பெரியவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஹார்டி முதலில் ஐயுற்றார். அன்று மாலையே நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்தார், ஐயம் வியப்பாயிற்று. பிப்ரவரி 8-இல் விடை எழுதி, நிரூபணங்களை அனுப்புமாறு கேட்டார்.

பிப்ரவரி 27-ஆம் நாளிட்ட மறுமொழிதான் நம் பொருளுக்கு இன்றியமையாதது. அதில் ராமானுஜன் ஒளிவின்றித் தம் நிலையைக் கூறினார்: தாம் அரைப் பட்டினி, மூளையைக் காக்க உணவு வேண்டும், ஹார்டியிடமிருந்து பரிவான ஒரு கடிதம் வருமாயின், பல்கலைக்கழகத்திடமிருந்தோ அரசாங்கத்திடமிருந்தோ இங்கே உதவித்தொகை பெறத் துணையாகும். முதற் கடிதத்தில் சம்பளத்தைக் குறிப்பிட்டதோடு நிறுத்திக்கொண்டவர், தகுதி ஏற்கப்பட்ட பின்னரே வாய்திறந்து கேட்டார். அவ்வரிசைமுறையை நாம் பலமுறை வியந்ததுண்டு.

அதற்கு முந்திய நாளே, சென்னைக்கு வந்திருந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் நோட்டுப் புத்தகங்களைக் கண்டு பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரை எழுதிவிட்டார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், மேலாளர் நாராயண ஐயர் ஆகியோரும் துணை நின்றனர். பட்டம் இல்லாதவர்க்கு ஆராய்ச்சி உதவித்தொகை தரலாமா என்னும் கேள்வியையும் கடந்து, 1913-ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழகம் இரண்டாண்டுகளுக்கு மாதம் ரூ. 75 வழங்கியது. மூன்று மாதத்திற்கொருமுறை ஆராய்ச்சி அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. ராமானுஜன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். 1914 மார்ச் 17-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கப்பலேறினார்.