விசுவாசத்தைக் கைவிட்டவரும் இரட்சிப்பும்: டோர்ட் பேரவை (1618–1619) விவாதம் குறித்த ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

கிறிஸ்தவர் ஒருவர் விசுவாசத்தை விட்டுவிட்டால் அவர் பெற்றிருந்த இரட்சிப்பு என்னவாகும்? சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் நெதர்லாந்து; காலம் பதினேழாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகள். இரட்சிப்பை இழக்கலாம் என்றது ஆர்மீனியர் தரப்பு, இழக்க இயலாது என்றது கால்வினியர் தரப்பு என்று பாடநூல்கள் அவ்விவாதத்தைச் சுருக்கித் தருவது வழக்கம். ஆவணங்களைக் கால வரிசையில் வைத்துப் பார்க்கும்போது இச்சுருக்கம் நிலைபெறவில்லை. விசுவாசமின்றி மரிப்பவர் இரட்சிக்கப்படார் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டே இருந்தன. அவர்களைப் பிரித்தது வேறொன்று: கைவிடப்பட்ட அந்த விசுவாசம் கைவிடப்படுவதற்கு முன் உண்மையானதாக இருந்ததா என்பது. வழக்கு எதிர்காலத்தைப் பற்றியதாகத் தோன்றினும் தீர்ப்பு இறந்தகாலத்தின்மீதே விழுந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. டோர்ட் பேரவையின் நியமங்கள் ஒல்லாந்தர் வழியாக யாழ்ப்பாணத்தையும் வந்தடைந்தமையால், அத்தீர்ப்பு அங்கு என்ன பொருள் கொண்டது என்பதும் இறுதியில் நோக்கப்படுகிறது.

ஆர்மீனியஸின் தயக்கம்

யாகோபஸ் ஆர்மீனியஸ் 1603-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியரானார். அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் ஆம்ஸ்டர்டாமில் சபைப் போதகர். 1601–1602-இல் அந்நகரில் கொள்ளைநோய் பரவியபோது அவர் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று வந்தார். மரணத் தறுவாயில் இருந்த இருவர் தம் இரட்சிப்பைப் பற்றிய நிச்சயம் உள்ளத்தில் தோன்றவில்லையே என்று கலங்கியதைத் தம் நண்பர் ஊட்டன்போகார்டுக்கு எழுதிய மடலில் அவர் குறிப்பிடுகிறார். ஆர்மீனியஸின் இறையியலைத் தர்க்க நூல்களிலிருந்து மட்டும் விளக்குவோர் இம்மடலைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். அவர் பின்னர் அஞ்சியவை இரண்டு: தனக்கு எதுவும் நேராது என்ற அலட்சியம், தனக்கு மீட்பே இல்லை என்ற நம்பிக்கையிழப்பு. இரண்டும் ஒரே போதனையின் இரு விளைவுகளாக இருக்கக்கூடும் என்பது அவர் கருத்து.

ஆயினும் 1608-இல் ஹேக் நகரில் ஒல்லாந்து மாநில மன்றத்தின்முன் தம் கொள்கையை விளக்கியபோது, மெய்யான விசுவாசி முற்றாக விழுந்து கெட்டுப்போவார் என்று தாம் ஒருபோதும் போதித்ததில்லை என்றே கூறினார். வேதத்தின் சில பகுதிகள் அவ்வாறு பொருள்படுவதுபோல் தோன்றுகின்றன; அவற்றுக்குத் தரப்படும் விடைகள் எல்லா வகையிலும் தமக்கு நிறைவளிக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. எபிரேயர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் அத்தகைய பகுதிகளில் முதன்மையானது. பிறிதோரிடத்தில் அவர் செய்த வேறுபாடு இன்னும் முக்கியமானது. விசுவாசி விசுவாசியாக இருக்கும்வரை இரட்சிப்பிலிருந்து விழுவதற்கில்லை. விழுந்தார் என்றால் முதலில் விசுவாசத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும். இது சொல் விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் "இரட்சிப்பை இழக்கலாமா" என்ற கேள்வியை "விசுவாசம் அற்றுப்போகுமா" என்ற கேள்வியாக மாற்றியது இவ்வேறுபாடுதான்.

பெர்ட்டியஸின் இரண்டாம் வினா

ஆர்மீனியஸ் 1609 அக்டோபரில் மறைந்தார். அவருக்கு இரங்கல் உரை நிகழ்த்தியவர் லெய்டனில் இறையியல் மாணவர் கல்லூரியின் தலைவராயிருந்த பேட்ரஸ் பெர்ட்டியஸ். இன்று அவரை நினைப்போர் பெரும்பாலும் நிலப்பட வரலாற்றாய்வாளர்களே. 1610-இல் அவர் வெளியிட்ட இலத்தீன் நூல், பவுல் நிருபங்களில் விசுவாசத்தைக் கைவிட்டவராகப் பேசப்படும் இமெநேயுவின் பெயரைத் தலைப்பில் தாங்கியது. பரிசுத்தவான்களின் விசுவாச துரோகத்தைப் பேசியது. அந்நூல் இரண்டு வினாக்களை எழுப்புகிறது. நீதிமான் தன் நீதியைக் கைவிடக் கூடுமா என்பது முதலாவது. கைவிடப்பட்ட அந்த நீதி உண்மையான நீதியாக இருந்ததா என்பது இரண்டாவது.

விவாதத்தின் அச்சு இந்த இரண்டாம் வினாவே என்பது என் கருத்து. முதல் வினாவுக்குக் கால்வினியர் தரப்பும் ஒரு வகையில் "ஆம்" என்று கூற முடியும்: மனிதர் சபையை விட்டுச் செல்வதைக் கண்முன் கண்டவர்கள் அவர்கள். அவர்கள் மறுத்தது, சென்றவர் ஒருகாலத்தில் உண்மையாக உள்ளே இருந்தார் என்பதை. முதலாம் யோவான் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பிரிந்து போனவர்கள் தம்மைச் சேர்ந்தவர்களாய் இருக்கவில்லை என்று கூறும் பகுதி அவர்களுக்கு அரணாக நின்றது.

பெர்ட்டியஸ் தம் நூலை இங்கிலாந்தின் தலைமைப் பேராயருக்கு அனுப்பி, தம் கருத்து ஆங்கிலத் திருச்சபையின் போதனையோடு ஒத்தது என்று எழுதினார். முதலாம் ஜேம்ஸ் மன்னர் சினந்தார். தலைப்பொன்றே அந்நூலைத் தீயிலிடப் போதுமானது என்பது அவர் கருத்து. மன்னரின் சினத்தை மட்டும் நோக்கி பெர்ட்டியஸின் கூற்றைத் தள்ளிவிடுதல் சரியன்று. ஆங்கிலத் திருச்சபையின் முப்பத்தொன்பது விதிகளுள் பதினாறாவது, பரிசுத்த ஆவியைப் பெற்றபின்னும் கிருபையிலிருந்து விலகிப் பாவத்தில் விழக்கூடும் என்றும் மீண்டும் எழக்கூடும் என்றும் கூறுகிறது. "முற்றாகவும் இறுதியாகவும் அன்று" என்ற பொருளுடைய சொற்களை அதனுடன் சேர்க்க வேண்டும் என்று 1604-இல் ஹாம்ப்டன் கோர்ட் மாநாட்டில் ஜான் ரெனால்ட்ஸ் கேட்டார். அவை சேர்க்கப்படவில்லை.

1610 முதல் 1618 வரை

அதே 1610-இல் ஆர்மீனியஸின் வழிவந்த நாற்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் மாநில மன்றத்துக்கு ஐந்து பிரிவுகள் கொண்ட முறையீட்டை அளித்தனர். அதனால் முறையீட்டாளர் எனப் பெயர் பெற்றனர். ஐந்தாம் பிரிவு முடிவு எதையும் கூறவில்லை. சோதனைகளை வெல்லத் தேவையான துணை விசுவாசிக்கு உண்டு என்று முதலில் உறுதிப்படுத்துகிறது. அசட்டையினால் ஒருவர் தொடக்கத்தில் பற்றியதை விட்டு உலகத்துக்குத் திரும்பக் கூடுமா என்பதை, வேதத்திலிருந்து மேலும் ஆராய்ந்த பின்னரே முழு உறுதியோடு போதிக்க இயலும் என்று நிறுத்திக்கொள்கிறது. இதனை அரசியல் தந்திரம் எனக் கருதுவோர் உண்டு. 1608-இல் ஆர்மீனியஸ் வெளிப்படையாகக் கூறிய தயக்கத்தோடு அது ஒத்திருப்பதால், உண்மையான தயக்கமாகக் கொள்வதே பொருத்தம்.

1618 டிசம்பரில் டோர்ட் பேரவையின்முன் அவர்கள் எழுத்தில் அளித்த கருத்துரையில் அத்தயக்கம் இல்லை. மெய்யான விசுவாசிகள் மெய்யான விசுவாசத்திலிருந்து விழக்கூடும். அது நிகழக்கூடியது மட்டுமன்று, அடிக்கடி நிகழ்வதும் ஆகும் என்று அது கூறுகிறது. விழுந்தவர் உடனே மனந்திரும்பும் நம்பிக்கையை இழந்துவிடுவதில்லை என்றும், தேவன் அவரை மீண்டும் அழைக்கக்கூடும் என்றும் தொடர்கிறது. எட்டாண்டுகளில் திறந்திருந்த கேள்வி மூடப்பட்டதற்குச் சூழல் ஒரு காரணம். ஸ்பெயினோடு செய்துகொண்ட போர்நிறுத்தத்தின்மீதும் மாநில அதிகாரத்தின்மீதும் ஓல்டன்பார்னவெல்டுக்கும் மாரிஸ் இளவரசருக்கும் எழுந்த பகை இறையியல் தரப்புகளோடு பின்னிக்கொண்டது. 1618 ஆகஸ்டில் ஓல்டன்பார்னவெல்ட் சிறைப்பட்டார். நவம்பர் 13-இல் பேரவை கூடியபோது முறையீட்டாளர்கள் உறுப்பினராக அன்றி விசாரிக்கப்படுவோராகவே அழைக்கப்பட்டனர். 1619 ஜனவரியில் தலைவர் போகர்மன் அவர்களைக் கடிந்து வெளியேற்றினார். மே 13-இல் எழுபது வயதைக் கடந்த ஓல்டன்பார்னவெல்ட் தலை வெட்டப்பட்டார். ஏறக்குறைய இருநூறு போதகர்கள் பதவி இழந்தனர்.

நியமங்களின் ஐந்தாம் தலைப்பு

பேரவையின் நியமங்களில் ஐந்தாம் தலைப்பு பதினைந்து விதிகளையும் ஒன்பது மறுப்புகளையும் கொண்டது. அதன் விதிகள் பலரும் கருதுவதைவிட மென்மையானவை. தாவீதும் பேதுருவும் விழுந்ததை அவை மறைக்கவில்லை. அத்தகைய பாவங்கள் தேவனுடைய ஆவியைத் துக்கப்படுத்தும், மனச்சாட்சியைக் காயப்படுத்தும், கிருபையின் உணர்வைச் சில காலம் அற்றுப்போகச் செய்யும் என்கின்றன. விசுவாசிகள் தம் வலிமையில் விடப்பட்டால் ஐயமின்றி விழுந்தே போவர் என்றும், காக்கப்படுவது தேவனுடைய தீர்மானம் மாறாததால் மட்டுமே என்றும் கூறுகின்றன. காக்கும் வழிகளாகப் பிரசங்கம், எச்சரிப்பு, திருவருட்சாதனங்கள் ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றன. "ஒருமுறை நம்பினால் போதும், பின்னர் நம்பாவிட்டாலும் இரட்சிப்பு உறுதி" என்று இன்று சில சபைகளில் கேட்கப்படும் போதனைக்கு இந்நியமங்களைச் சான்றாகக் காட்ட இயலாது.

பெர்ட்டியஸின் இரண்டாம் வினாவுக்கு விடை விதிகளில் அன்று, ஏழாம் மறுப்பில் இருக்கிறது. சில காலம் மட்டும் விசுவாசிப்போரின் விசுவாசம், நீதிமானாக்கும் விசுவாசத்திலிருந்து கால அளவில் மட்டுமே வேறுபடுகிறது என்ற கருத்தை அது தள்ளுகிறது. விதைக்கிறவன் உவமையைக் கொண்டு, வேறுபாடு நிலத்திலும் வேரிலும் கனியிலும் இருக்கிறது என்கிறது. எனவே விட்டுச் சென்றவரிடம் இருந்தது குறுகிய காலம் நீடித்த மெய்யான விசுவாசம் அன்று. தொடக்கத்திலேயே வேறு வகையானது.

இதில் பேரவை அகுஸ்தீனையும் கடந்து சென்றது. இரு தரப்பும் துணைக்கு அழைத்த அப்பேராயர், தம் இறுதிக் கால நூல்களில், மறுபிறப்பையும் விசுவாசத்தையும் அன்பையும் உண்மையாகவே பெற்ற சிலருக்கு நிலைத்திருக்கும் கொடை அருளப்படுவதில்லை என்றும், அதன் காரணம் மறைபொருள் என்றும் எழுதினார். அவருடைய அமைப்பில் விழுந்தவரின் கடந்தகாலம் மெய்யாகவே நீடிக்கிறது. டோர்ட் அதை நீடிக்க விடவில்லை. நிலைத்திருப்பவருக்கு இதனால் கிடைத்த ஆறுதல் பெரிது. ஆனால் தன் விசுவாசம் தளர்வதை உணர்பவர், "இனி என்ன ஆவேன்" என்று மட்டும் அஞ்சுவதில்லை. "எப்போதேனும் விசுவாசித்திருந்தேனா" என்றும் கேட்க நேர்கிறது. ஆம்ஸ்டர்டாமின் நோயாளிகள் இருவரையும் அலைக்கழித்த கலக்கத்துக்கு இது மிக அருகில் இருக்கிறது. முறையீட்டாளரின் விடை நிகழ்காலத்தோடு நின்றது: இன்று விசுவாசிப்பவர் இன்று உறுதியாக இருக்கலாம். நாளையைப் பற்றிய அச்சத்தை அது போக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெர்ட்டியஸ் 1620-இல் பாரிசில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். எதிர்த்தரப்பார் இதைத் தம் வாதத்துக்குக் கிடைத்த சான்றாகக் கருதியிருப்பர். அவர் தரப்பில் நின்றும் அதே நிகழ்வைச் சான்றாகக் காட்ட முடியும் என்பதே இவ்வழக்கின் சிக்கல்.

யாழ்ப்பாணம்

கிழக்குத் திசை டோர்ட் பேரவைக்கு அயலானதன்று. கிழக்கிந்தியத் தீவுகளில் ஒல்லாந்தர் வீடுகளில் வளரும் புறமதத்தாரின் பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கலாமா என்ற வினா அங்கிருந்து வந்து, 1618 டிசம்பரில் விவாதிக்கப்பட்டது. போதனை பெறுமுன் அளிக்கலாகாது என்பது பெரும்பான்மை முடிவு. 1658-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ் முதலிய போதகர்கள் டோர்ட் நியமங்களை ஏற்ற சபையினர். ஆனால் ஆட்சியின் தேவை வேறாக இருந்தது. பள்ளி, திருமணப் பதிவு, பதவி ஆகியவை திருமுழுக்கோடு இணைக்கப்பட்டன. திருமுழுக்குப் பெற்றோர் பல்லாயிரவர். திருவிருந்தில் சேர்க்கப்பட்டோர் மிகச் சிலர். பெயரளவுக் கிறிஸ்தவர் என்ற சொல் ஒல்லாந்தர் ஆவணங்களிலேயே வழங்கியது.

1795–1796-இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியதும் அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் சைவ வழிபாட்டுக்கு வெளிப்படையாகத் திரும்பினர். இதைப் பின்மாற்றம் என்றோ விசுவாச துரோகம் என்றோ பிற்கால மிஷனரிகள் எழுதியபோது, தம் சொல்லாட்சியில் உள்ள முரணை அவர்கள் கவனித்ததாகத் தோன்றவில்லை. ஏழாம் மறுப்பின்படி நோக்கினால் அவர்கள் எதையும் இழக்கவில்லை; இழப்பதற்கு எதுவும் பெற்றிருக்கவில்லை. கட்டாயத்தின்பேரில் பெயர் பதிந்தோரைப் பொறுத்தவரை இம்முடிவு வரலாற்றாசிரியருக்கும் ஏற்புடையதே. எனினும் அக்கூட்டத்துள் உள்ளத்தோடு நம்பி, சபை கலைந்தபின் உறவினரோடு கோயிலுக்குத் திரும்பிய சிலரேனும் இருந்திருக்கலாம். ஒல்லாந்தர் ஏடுகள் திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிந்தன. அச்சிலரை மற்றவரிலிருந்து பிரித்தறிய அப்பதிவுகள் உதவா; ஏழாம் மறுப்பும் அவர்களைத் தனியே நோக்க இடம் தரவில்லை.