கோதுமை யாருடைய கோப்பு?

1954 ஜூலை 10 அன்று ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட பொதுச்சட்டம் 480-இன் தலைப்பில் பசி என்ற சொல்லே கிடையாது. 'வேளாண் வணிக மேம்பாடு மற்றும் உதவிச் சட்டம்.' வணிகம் முதலில், உதவி அப்புறம்தான். விவசாயிகளுக்கு விலை உத்தரவாதம் கொடுத்திருந்த அமெரிக்க அரசு, விளைந்ததை வாங்கியே தீர வேண்டியிருந்தது. கிடங்குகள் நிரம்பி வழிந்தன. எங்காவது தள்ளிவிட்டால் போதும் என்ற நிலை. ஆக, இது பிறவியிலேயே விவசாயத்துறையின் பிள்ளை.

கென்னடி பதவியேற்ற நான்கே நாட்களில், 1961 ஜனவரியில், இதற்கென்று தன் அலுவலகத்தோடு சேர்த்தே ஒரு தனிப் பிரிவை உருவாக்கினார். பெயர் 'அமைதிக்கான உணவு'. இயக்குநர் ஜார்ஜ் மெக்கவர்ன். அதே வருடக் கடைசியில் யுஎஸ்எய்ட் பிறந்ததும் இலவச விநியோகம் அங்கே போனது. கொள்முதலும் கடன் விற்பனையும் விவசாயத்துறையிடமே தங்கின. ஒரே மூட்டைக்கு இரண்டு வீடு.

1965 அக்டோபரில் ஜான்சன் அந்தப் பிரிவை வெளியுறவுத்துறைக்கு மாற்றினார். காகிதத்தில் பார்த்தால் சாதாரண நிர்வாக ஆணை. ஆனால் அதே மாதங்களில் இந்தியாவுக்கான கோதுமையை அவர் மாதாமாதம் அளந்துவிட்டுக் கொண்டிருந்தார். பருவமழை பொய்த்த வருடம் அது. அடுத்த கப்பல் கிளம்புமா என்பதை வாஷிங்டனில் அவரே முடிவு செய்தார். விவசாயத்தில் முதலீட்டைக் கூட்டு என்ற நிபந்தனை ஒரு பக்கம்; வியட்நாம் பற்றி டெல்லி பேசியதில் கோபம் மறுபக்கம். நவம்பரில் நம் சி. சுப்பிரமணியம் ரோமில் அமெரிக்க விவசாயச் செயலர் ஃப்ரீமேனைச் சந்தித்து, விவசாயக் கொள்கை மாற்றங்களுக்கு ஒப்புக்கொண்டு வந்தார். அந்த மாற்றங்கள் அவரே விரும்பியவை என்பது வேறு விஷயம். அப்படியும் கப்பல்களுக்காகக் காத்திருப்பது நிற்கவில்லை. 1966-இல் பீகார் காய்ந்தபோதும் ஜான்சன் பிடியைத் தளர்த்தவில்லை.

துறை மாறினால் மூட்டைக்குள் இருக்கும் கோதுமை மாறாது. முதலில் கேட்கப்படும் கேள்விதான் மாறும். விவசாயத்துறை 'எவ்வளவு மிச்சம்?' என்று கேட்கும், வெளியுறவுத்துறை 'அவன் நம்ம ஆளா?' என்று கேட்கும். 'எங்கே பசி, எத்தனை நாளில் போய்ச் சேரும்?' என்று கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள் யுஎஸ்எய்டில் இருந்தார்கள். அவர்களையும் புனிதர்களாக்க வேண்டாம். அமெரிக்கத் தானியத்தை அமெரிக்கக் கப்பலில் ஏற்று என்ற சட்டத்துக்குள்தான் அவர்களும் வேலை பார்த்தார்கள்.

2025 பிப்ரவரியில், இந்தத் திட்டத்தை மொத்தமாக விவசாயத்துறைக்கே கொண்டுபோக அமெரிக்கக் காங்கிரஸில் மசோதா வந்தது. ஜூலை 1 அன்று யுஎஸ்எய்டின் மிச்சசொச்சம் வெளியுறவுத்துறைக்குள் போனது. மென்பொருள்காரர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. டேட்டா முழுசாகப் புது சர்வருக்கு வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் யாரைக் கூப்பிடுவது என்பது மட்டும் எந்த ஃபைலிலும் இருக்காது.

அதே ஜூலையில் துபாய் கிடங்கு ஒன்றில் சுமார் 500 டன் சத்து பிஸ்கட்டுகள் காலாவதியாயின. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்காக வாங்கியவை. தேதி நெருங்குகிறது, அனுப்பலாமா என்று மிஞ்சியிருந்த ஊழியர்கள் பல மாதமாகக் கேட்டும், கையெழுத்துப் போட வேண்டிய மேசையிலிருந்து பதில் வரவில்லை. வாங்க ஆன செலவு சுமார் 8 லட்சம் டாலர். எரிக்க இன்னொரு 1 லட்சத்து 30 ஆயிரம்.