காலி செய்யப்படும் வீடும் எழுதப்படாத பட்டியலும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. அங்குள்ள வைத்தியநாதர் கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1013 வாக்கில், ஆணையிட்டான். பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னான். இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதுச் சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கொடைகளின் நினைவைக் காத்து வைத்திருந்தது அந்த ஏடுதான்.

ஒரு கட்டடத்தைக் கலைக்கும் முன் எது யாருடையது என்று எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. கடவுளின் வீட்டுக்குக் கிடைத்த அந்த மரியாதை மனிதர்களின் வீட்டுக்கு, அதிலும் அந்த வீட்டுப் பெண்களின் பொருள்களுக்கு, கிடைத்ததா என்பதுதான் என் கேள்வி.

பெண்களின் பொருள்கள் பட்டியலிடப்படவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனின் தமக்கை குந்தவை கொடுத்த செப்புத் திருமேனிகளும் அணிகலன்களும் கல்வெட்டில் ஒவ்வொன்றாகப் பதிவாகியுள்ளன. பொன்னை ஆடவல்லான் என்ற கல்லால் நிறுத்திருக்கிறார்கள், முத்துகளை எண்ணியிருக்கிறார்கள். கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவியைக் கல்வெட்டுகள் மழவரையர் மகள் என்று குறிக்கின்றன. பிறந்த வீட்டின் பெயர் அழியாமல் கல்லில் நின்ற பெண் அவர். ஆனால் இவர்கள் அரச குடும்பத்துப் பெண்கள். பொருளைக் கோயிலுக்குக் கொடுத்த பிறகுதான் அவர்கள் பெயர் கல்லில் ஏறியது. வீட்டில் வைத்துப் புழங்கிய பெண்ணுக்குக் கல்வெட்டு கிடையாது. அவளுக்குக் கிடைத்தது பாத்திரக் கடையில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டித் தரும் பெயர்.

அந்தப் பெயரை வரலாற்றுச் சான்றாகப் படிக்க நாம் இன்னும் பழகவில்லை. குடத்தின் கழுத்தில், தவலையின் விளிம்பில், குத்துவிளக்கின் அடியில் ஓர் எழுத்து, ஒரு பெயர், சிலவற்றில் ஒரு தேதி இருக்கும். அந்த முதலெழுத்து அப்பாவுடையதா கணவனுடையதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் வாங்கியதா, பிள்ளைப்பேற்றுக்குப் பின் வந்த சீரா, தானே சீட்டுக் கட்டி வாங்கியதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். நிலத்துக்குப் பட்டா இல்லாத பெண்ணுக்கு அந்தப் புள்ளிகள்தாம் பட்டா.

இப்போது ஒரு வீட்டை விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிரையப் பத்திரத்தில் நான்கெல்லை இருக்கும், சதுரடி இருக்கும், கிணறும் மரமும் மின் இணைப்பும்கூட இருக்கும். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், வீட்டோடு பூட்டும் சாவியும் கதவும் சன்னலும் நிலையான பயன்பாட்டுக்கென்று அமைத்த பிறவும் வாங்குபவரைச் சேரும். அண்டாவும் ட்ரங்குப் பெட்டியும் அதில் சேராது. அவை அசையும் பொருள்கள். பத்திரத்துக்கு வெளியே, சாவி கைமாறுவதற்கு முந்தைய சில நாள்களில், வாய்ப்பேச்சில் அவற்றின் கதை முடிந்துவிடும்.

இந்தச் சில நாள்கள் பேரளவில் நடந்தேறிய இடம் செட்டிநாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுகள் பர்மா, மலாயா, இலங்கை வணிகப் பணத்தில் அங்கே பெருவீடுகள் எழுந்தன. வளவைச் சுற்றியிருந்த அறைகள் மணமான ஆண்மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. அந்த அறைக்குள் பூட்டியிருந்ததோ பெரும்பாலும் அவன் மனைவி கொண்டுவந்த சாமான். மணமானவர்களை ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பில் 'வேறு வைக்கும்' வழக்கமும் நகரத்தாரிடம் உண்டு. கூரை ஆண்வழிப் பங்காளிகளுடையது, அடுப்பும் பாத்திரமும் பெண்ணுடையவை என்று அந்த வீட்டுக்குள் இரண்டு உரிமைகள் அருகருகே இருந்தன. ஜப்பானிய மானுடவியலாளர் யூகோ நிஷிமுரா நகரத்தார் பெண்களின் சொத்துரிமை பற்றி 1998இல் ஒரு தனி நூலே எழுதினார்.

1942இல் ஜப்பானியப் படையெடுப்பால் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் வந்த பர்மிய அரசுடைமைச் சட்டங்களால் அங்கிருந்த சொத்தும் போயிற்று. ஓடு மாற்றக்கூடப் பணமில்லாத குடும்பங்கள் வீட்டைப் பிரித்து விற்றன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூண்களும் பர்மிய அரக்குப் பாத்திரங்களும் ஐரோப்பிய இனாமல் தூக்குகளும் வந்து குவிந்தன. கடைக்காரருக்கு இரண்டு கணக்கு உண்டு: அழகானது உருப்படிக் கணக்கு, மற்றது எடைக் கணக்கு. பெயர் வெட்டிய பித்தளையை உருக்குபவர் அந்தப் பெயரைப் படிப்பதில்லை.

மிஞ்சிய வீடுகளில் சில விடுமுறைக்கு வந்து தங்கும் விடுதிகளாயின. கானாடுகாத்தானில் ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டியதாகச் சொல்லப்படும் வீடு, அவள் பெயராலேயே விசாலம் என்ற விடுதியாக இன்று இயங்குகிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. இடித்துத் தரைமட்டமாக்குவதைவிட இது நல்லது. வேலைக்கும் வழி உண்டு. ஆனால் விடுதியின் முன்கூடத்தில் அண்டா அலங்காரமாகிவிடுகிறது. ஐம்பது பேருக்கு அதில் சமைத்த கைகள் விருந்தினரின் படத்தில் இல்லை. அந்த விடுதியையும் நாளை ஒருவர் விற்றால் அண்டா அறைகலன் கணக்கில் சேர்ந்துவிடும். முதல் காலி செய்தலில் பெண்ணின் உரிமை போகிறது. இரண்டாவதில் அவள் நினைவும் போய்விடுகிறது.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் அத்தகைய மாளிகைகள் இல்லை. ஓட்டு வீடும் கூரை வீடும் காரை வீடும்தான். மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் முந்திரியும் விளையும் இந்த ஊர்களில் பித்தளைப் பாத்திரம் ஒரு பெண்ணின் வங்கி. விதைக்குப் பணமில்லாதபோது அடகுக் கடைக்குப் போனது அவள் தவலை. மகசூல் வந்து மீட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பெண் உழைத்த வயலின் வரவுசெலவில் அந்தத் தவலை முதலீடாக எங்கும் எழுதப்படவில்லை. நிலமும் பித்தளையும் இல்லாத, சேரிகளுக்குத் தள்ளப்பட்ட கூலிப் பெண்களின் வீட்டிலோ அடகு வைக்கவும் எதுவும் இருந்ததில்லை. பெரிய வீடுகளின் குதிரையும் உரலையும் தூக்கி வெளியே வைத்தவர்களில் அவர்களும் உண்டு. சீர்வரிசைப் பட்டியலைப் பற்றி மட்டும் பேசினால் இவர்கள் மறுபடியும் விடுபட்டுப் போவார்கள்.

அப்பா அம்மா காலத்துக்குப் பின் வீட்டை விற்கும்போது மகள்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். "ஞாபகார்த்தமா உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்க, கண்ணு" என்பார் அண்ணன். ஒருத்தி குத்துவிளக்கை எடுப்பாள், ஒருத்தி அம்மாவின் குடத்தை. மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து. குடம் கையில், பங்கு காற்றில். அவள் எடுத்துப்போன குடமும் அண்ணன் கொடுத்ததல்ல. அது அம்மாவுக்கு அவள் பிறந்த வீடு கொடுத்தது. பெண்வழியில் வந்த பொருளையே கொடையாகக் காட்டி, அவளுக்குரிய பங்கை வாங்கிக்கொள்ளும் கணக்கு இது. இதற்குப் பாசம் என்று பெயர். மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற அச்சம்தான் அந்தக் கையெழுத்தின் உண்மையான மை.

சட்டம் வந்த வழி நீண்டது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெண்ணின் அசையும், அசையாச் சொத்துகளை அவளுக்கே முழு உரிமையாக்கியது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும்வரை பெண் வாரிசு பாகம் கேட்கக்கூடாது என்று தடுத்தது. தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகளைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளியாக்கியது, அதற்கு முன் மணமானவர்களை நீக்கிவிட்டு. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் 23ஆம் பிரிவையும் நீக்கியது. பங்குரிமை பிறப்பால் வருவது, அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

பாத்திரத்துக்கும் சட்டம் உண்டு. சீதனப் பொருள் பெண்ணுக்கே உரியது, கணவர் வீட்டில் இருப்பதால் அது அவர்களுடையதாகிவிடாது என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் வந்த வரதட்சணைத் தடுப்பு விதிகள், மணமக்களுக்குத் தரப்படும் அன்பளிப்புகளைப் பட்டியலிட வேண்டும் என்கின்றன. பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவற்றை எழுதி மணமக்கள் கையெழுத்திட வேண்டும். மொய் நோட்டில் ஐம்பது ரூபாயைக்கூட விடாமல் எழுதும் நாம் இந்தப் பட்டியலை எழுதுவதில்லை. மொய் நோட்டு குடும்பத்தின் கடன் கணக்கு. இந்தப் பட்டியல் பெண்ணின் உரிமைக் கணக்கு. எது எழுதப்படுகிறது, எது விடப்படுகிறது என்பதிலேயே அதிகாரம் யாரிடம் என்பது தெரிகிறது.

வீட்டைக் காலி செய்யும் நாளில் பெண்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. லாரி வருவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுங்கள். பொருள், அதில் வெட்டியிருக்கும் பெயர், யார் கொண்டுவந்தது, எப்போது, எதற்காக அடகுக்குப் போனது, யார் மீட்டது என்று எழுதுங்கள். உயிரோடிருக்கும் அத்தைகளையும் பெரியம்மாக்களையும், அந்த வீட்டில் வேலை செய்த பெண்களையும் கேட்டு எழுதுங்கள். செல்பேசியில் அந்தப் பெயர்களைப் படமெடுங்கள். எழுதி முடிக்கும்வரை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பங்கை விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு. தமிழ் படிக்கும் மாணவிகள் கல்வெட்டுப் படியெடுக்கக் கற்கிறார்கள். அவர்கள் முதலில் படியெடுக்க வேண்டியது அம்மாச்சியின் குடத்தை.