மாணவர்கள் திறந்த வார்டுகள்: மனநலக் களப்பயிற்சியின் கதை

சமூகப் பணி அல்லது உளவியல் படிப்பவர்களுக்குக் களப்பயிற்சி என்றாலே ஒரு பயம் உண்டு. அதுவும் அரசு மனநல மருத்துவமனை என்று பட்டியலில் பெயர் வந்துவிட்டால், வீட்டில் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்பதே முதல் பிரச்சினை. ஆனால் இந்தப் பயிற்சி எப்போது தொடங்கியது, ஏன் தொடங்கியது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. இதன் ஆரம்ப அத்தியாயங்களில் மூன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் என்ற ஒரே மாநிலத்தில், நாற்பது ஆண்டுகளுக்குள் நடந்தவை. மூன்றிலும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான். மாணவருக்குப் பாடம் கிடைக்கிறது, சரி. நோயாளிக்கு என்ன கிடைக்கிறது?

மாணவர்கள் வருவதற்கு முன்

மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரின் அரசு மனநல மருத்துவமனை 1833லேயே தொடங்கப்பட்டது. பிறகு 1878ல் டான்வர்ஸ் உட்பட, பெரிய பெரிய மருத்துவமனைகள் ஊருக்கு வெளியே எழுந்தன. நோயாளிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. மருத்துவர்கள் மிகக் குறைவு. உள்ளே வந்தவரின் வீடு எப்படிப்பட்டது, என்ன வேலை பார்த்தார், திரும்பிப் போனால் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் அரிதாகவே இருக்கும்.

இதை மாற்ற முதலில் முயன்றவர்களில் ஒருவர் மேரி மேயர். மனநல மருத்துவர் அடால்ஃப் மேயரின் மனைவி. 1904 வாக்கில் நியூயார்க்கில் கணவர் பார்த்த நோயாளிகளின் வீடுகளுக்கே நேரில் போய்க் குடும்பத்தாரிடம் பேசினார். 1912ல் பாஸ்டன் சைக்கோபதிக் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் இயக்குநர் எல்மர் சதர்ட், மறு ஆண்டே மேரி ஜாரெட் என்பவரை அழைத்துவந்து சமூக சேவைப் பிரிவை ஒப்படைத்தார். 'மனநல சமூகப் பணியாளர்' என்ற பெயர் நிலைபெற்றது இவர்களால்தான்.

முதல் அத்தியாயம்: போருக்காகத் தொடங்கிய வகுப்பு (1918)

முதல் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு நடுவே இருந்த சிப்பாய்கள் பலர், உடலில் காயமே இல்லாமல் பேச்சிழந்தார்கள், நடுங்கினார்கள், உறக்கமிழந்தார்கள். 1915லேயே இதற்கு 'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவ இதழில் அச்சேறிவிட்டது. 1917ல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. திரும்பி வரப்போகும் சிப்பாய்களைக் கவனிக்க ஆள் எங்கே?

பதில் நார்தாம்ப்டன் நகரின் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் கிடைத்தது. தேசிய மனநலக் குழுவின் ஆதரவுடன், ஜாரெட்டும் சதர்ட்டும் முன்னின்று, 1918 கோடையில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. எட்டு வாரம் கல்லூரியில் பாடம். பிறகு பல மாதங்கள் மருத்துவமனைகளில் நேரடிப் பயிற்சி. பாதி நாள் வகுப்பு, பாதி நாள் வேலை என்று கலக்காமல், முழு நேரமும் களத்தில் இருக்க வேண்டும் என்பதே திட்டம்.

இதில்தான் ஒரு திருப்பம். மாணவிகள் களப்பயிற்சியில் இருந்தபோதே, 1918 நவம்பர் 11 அன்று போர் நின்றுவிட்டது. போருக்காகத் தொடங்கிய பள்ளியை அத்தோடு மூடியிருக்கலாம். மூடவில்லை. சிப்பாய்க்குத் தேவைப்பட்ட அதே கவனிப்பு, ஆலைத் தொழிலாளிக்கும், பிரசவத்துக்குப் பின் மனம் கலங்கிய தாய்க்கும் தேவை என்பது அதற்குள் புரிந்துபோயிருந்தது. 1919ல் நடந்த தேசிய சமூகப் பணி மாநாட்டில் ஜாரெட் இதையே வாதமாக வைத்தார்: எல்லாச் சமூகப் பணிக்குள்ளும் மனநலம் என்ற இழை ஓடுகிறது.

அந்த முதல் வகுப்பில் படித்தவர்களில் ஒருவர் பெர்தா ரேனால்ட்ஸ். பிறகு டான்வர்ஸ் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1925ல் ஸ்மித் பள்ளிக்கே இணை இயக்குநராகத் திரும்பினார். 1942ல் அவர் எழுதிய புத்தகம், களப்பயிற்சி மாணவர் கடக்கும் நிலைகளை வரிசைப்படுத்துகிறது. முதலில், தன்னையே நினைத்துக் கூசுவது. அடுத்து, மூழ்காமல் எப்படியோ நீந்துவது. மூன்றாவது, நிலைமை புரியும், ஆனால் கை ஒத்துழைக்காது. நான்காவதில்தான் ஓரளவு தேர்ச்சி. கடைசியில், பிறருக்குக் கற்பிக்கக் கற்பது. களப்பயிற்சிக்குப் போன யாரும் தான் எந்தப் படியில் நின்றோம் என்று உடனே சொல்லிவிடலாம்!

இரண்டாம் அத்தியாயம்: நோயாளியாக இருந்தவர் ஆசிரியரானார் (1925)

அன்டன் பாய்சன் ஒரு பாதிரியார். 1920ல் கடுமையான மனநோய்க்கு ஆளாகி, முதலில் அதே பாஸ்டன் சைக்கோபதிக் மருத்துவமனையிலும், பிறகு வெஸ்ட்பரோ அரசு மருத்துவமனையிலும் சேர்க்கப்பட்டார். வெளியே வர ஓராண்டுக்கு மேல் ஆனது. 1924ல் வூஸ்டர் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வில்லியம் பிரையன், இவரையே அங்கே மதகுருவாக நியமித்தார். மனநோய் வந்துபோனவரை அரசு மருத்துவமனையில் பொறுப்பான பதவியில் வைப்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் அல்ல.

1925 கோடையில் பாய்சன் நான்கு இறையியல் மாணவர்களை அழைத்துவந்தார். அவர்கள் பிரசங்கம் செய்ய வரவில்லை. பகலில் வார்டு உதவியாளராக வேலை. குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, கூட உலாவுவது. மற்ற நேரத்தில் பார்த்ததை எழுதி, உட்கார்ந்து விவாதிப்பது. புத்தகத்தை வாசிப்பதுபோல் மனிதரையும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்பது பாய்சனின் கொள்கை. அந்த நால்வரில் ஒருவரான ஹெலன் ஃபிளாண்டர்ஸ் டன்பர், பின்னாளில் மனமும் உடல்நோயும் பிணைந்திருப்பதை ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவரானார்.

மூன்றாம் அத்தியாயம்: ஒரு மாணவர், ஒரு நோயாளி (1954)

1955ல் அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். அதுதான் உச்சம். அதற்கு முந்தைய ஆண்டு, ஹார்வர்ட், ராட்கிளிஃப் கல்லூரி மாணவர்கள் வால்தாம் நகரின் மெட்ரோபாலிடன் அரசு மருத்துவமனைக்குத் தன்னார்வலர்களாகப் போகத் தொடங்கினார்கள். பாட்டு, விளையாட்டு, வார்டைச் சீர்படுத்துவது என்று ஆரம்பித்தது. பிறகு இன்னொரு முறை வந்தது. ஒரு மாணவருக்கு ஒரே ஒரு நோயாளி, அதுவும் பல ஆண்டுகளாக உள்ளேயே கிடந்து யாரும் வந்து பார்க்காதவர். வாராவாரம் அவரைச் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பைப் பற்றி அனுபவமுள்ள ஒருவரிடம் குழுவாக விவாதிக்க வேண்டும்.

'இனி தேறமாட்டார்' என்று விடப்பட்ட சிலர் இப்படி வீடு திரும்பினார்கள். இதை மாணவர்களின் சாதனை என்று மட்டும் சொல்ல முடியாது. குளோர்புரோமசைன் என்ற புதிய மருந்தும் அமெரிக்காவில் 1954ல்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் வெளியே போக ஒருவருக்கு மாத்திரை மட்டும் போதாது. பஸ்ஸில் ஏறவும், கடையில் சில்லறை எண்ணவும், அறை தேடவும் கூட வர ஒருவர் வேண்டும். அந்த நேரம் மருத்துவரிடம் இல்லை, மாணவரிடம் இருந்தது. 1961ல் ஒரு படி மேலே போய், கேம்பிரிட்ஜ் நகரில் மாணவர்களும் மருத்துவமனையிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து வாழும் வெல்மெட் என்ற வீடு தொடங்கப்பட்டது.

மறுபக்கம்

இவ்வளவு நல்ல கதையில் ஒரு முள்ளும் உண்டு. மாணவரின் பயிற்சிக்கு முடிவு தேதி உண்டு, நோய்க்குக் கிடையாது. பல வருடம் பேசாதவர் ஒரு மாணவியிடம் மெல்ல வாய் திறக்கிறார். அதற்குள் தேர்வு வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வேறொருவர் நோட்டுடன் வந்து, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்க' என்று முதலிலிருந்து கேட்கிறார். எத்தனை முறைதான் சொல்வது? ஆள் போதாத மருத்துவமனை, சம்பளமில்லாத கைகளாக மாணவர்களைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆபத்தும் இதோடு சேர்ந்தது.

மூன்று அத்தியாயங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொதுவான ஒன்று தெரிகிறது. மாணவர்கள் எங்கேயும் தனியாக விடப்படவில்லை. ஜாரெட்டின் பிரிவில் சமூகப் பணியாளர்கள், வூஸ்டரில் பாய்சன், வால்தாமில் குழுவை நடத்தியவர் என்று, மாணவரின் குறிப்பைப் படித்துக் கேள்வி கேட்க ஒருவர் இருந்தார். மாணவர் போனாலும் அவர் அங்கேயே இருந்தார். நோயாளியின் கதை அறுந்துபோகாமல் காப்பது அந்த ஒருவர்தான்.

இந்தியாவின் முதல் சமூகப் பணிக் கல்லூரி 1936ல் பம்பாயில் டாடா அறக்கட்டளையால் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் ஒரு அமெரிக்கர். மேற்பார்வையாளரின் கீழ் களப்பயிற்சி என்ற முறை நம் கல்லூரிகளிலும் அப்படித்தான் வேரூன்றியது. ஆகவே களப்பயிற்சிக்குப் போகிறவர்கள் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எத்தனை மணி நேரக் கணக்கு என்பதை அல்ல. 'நான் போன பிறகு இவரை யார் பார்ப்பார்கள்?' என்பதை. அதற்கு ஒரு பெயர் பதிலாகக் கிடைத்தால், அந்தப் பயிற்சி மாணவருக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது.