பேச்சு–மொழிப் பயிற்சியாளர்

குழந்தைகளின் பேச்சு, மொழி, குரல், விழுங்குதல் ஆகியவற்றில் உள்ள குறைபாடுகளை மதிப்பிட்டுப் பயிற்சி அளிப்பவர். மக்கள் வழக்கில் ‘ஸ்பீச் தெரபிஸ்ட்’. இந்தியாவில் செவித்திறனையும் பேச்சையும் இணைத்துக் கற்பிக்கும் நான்காண்டு இளநிலைப் பட்டம் இதற்கான அடிப்படைத் தகுதி. இறுதியாண்டு உள்ளுறைப் பயிற்சி. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் இத்துறையின் முன்னோடி.

முதல் வேலை, காது கேட்கிறதா என்று உறுதி செய்வது. அடுத்தது விளையாட்டு. பொம்மை, படப்புத்தகம், சோப்புக் குமிழி இவற்றின் நடுவேதான் மதிப்பீடு நடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வேலையாகவே தெரியாது. தமிழ்க் குழந்தைக்கு ப, ம முதலில் வரும். ழகரமும் றகரமும் பிந்தி வரும். மூன்று வயதில் ‘பழம்’ என்பது ‘பயம்’ ஆனால் அது நோயன்று. வட்டார உச்சரிப்பும் குறைபாடு ஆகாது (பெரியவர்களிலேயே பலருக்கு ழகரம் வராது).

பள்ளி வயதில் திக்குவாய், வாசிப்புத் தடுமாற்றம், ஆட்டிசம் சார்ந்த தொடர்பாடல் சிக்கல்கள் முதன்மை பெறுகின்றன. திக்கும் மாணவரின் வாக்கியத்தை முடித்துக் கொடுக்காமல் காத்திருக்க ஆசிரியரைப் பழக்குவதும் பணியின் பகுதியே. பேசாத பிள்ளைகளுக்குப் படப்பலகை உதவும். அது பேச்சைத் தடுக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. இரு மொழி கேட்டால் குழப்பம் வரும் என்று வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்வதும் தவறான அறிவுரை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. இரண்டு வயதிலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்குச் செவிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.