கருஞ்சிறுத்தை பிறந்த கரிசல் பூமி

நம் கொடிகளிலும் சுவர்களிலும் பாய்கிற சிறுத்தை எங்கிருந்து வந்தது? நான் போகிற கூட்டங்களில் இளைஞர்களிடம் இதைக் கேட்பது வழக்கம். மதுரையில் மலைச்சாமி எண்பதுகளில் கட்டிய அமைப்பைச் சிலர் சொல்வார்கள். 1972-ல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா தாலேயும் தொடங்கிய தலித் பேந்தர் இயக்கத்தைச் சிலர் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்தைச் சொல்வார்கள். 1966 அக்டோபரில் ஹியூய் நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய கருஞ்சிறுத்தைக் கட்சி அங்கேதான் பிறந்தது. தோல் சட்டை, சாய்ந்த தொப்பி, கையில் துப்பாக்கி. அந்தப் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அதற்கும் மூத்த படம் ஒன்று உண்டு. அது ஒரு தேர்தல் சின்னம். ஓக்லண்ட்காரர்கள் அதை இரவல் வாங்கினார்கள். அலபாமா மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத வாரக் குடியானவர்களுக்காக வரைந்த சின்னம் அது. அந்த மண்ணின் பெயர் லவுண்ட்ஸ் கவுண்டி. அந்தச் சனங்களின் கதை நமக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை.

கவுண்டி என்பது நம்ம ஊர்க் கணக்கில் ஒரு தாலுகா மாதிரி. ஆனால் வரி போடுவது, போலீசு, பள்ளிக்கூடம், கோர்ட்டு எல்லாம் அங்கேயே. அந்தப் பதவிகளுக்கு உள்ளூர்க்காரர்களே ஓட்டுப் போட்டு ஆள் எடுப்பார்கள். லவுண்ட்ஸ், செல்மாவுக்கும் மாநிலத் தலைநகர் மான்ட்கோமரிக்கும் நடுவில் கிடக்கிறது. சுமார் 1,900 சதுர கிலோமீட்டர். வடக்கு எல்லையில் அலபாமா ஆறு. தலைமை ஊர் ஹேன்வில். அதுவும் ஒரு சின்ன ஊர்தான்.

மண் கரிசல். கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கமே வேண்டாம். காய்ந்தால் வாயைப் பிளக்கும், நனைந்தால் காலை விடாது, தண்ணியைக் கீழே இறங்க விடாது. இந்த மண் போகிற பட்டையைத்தான் அங்கே 'பிளாக் பெல்ட்' என்கிறார்கள். மண்ணுக்கு வைத்த பேர், பின்னால் அதில் உழைத்த மக்களுக்கும் சேர்த்து ஆகிப்போச்சு.

அந்த மண் முதலில் மஸ்கோகி பழங்குடிகளுடையது. 1813 டிசம்பர் 23 அன்று, அவர்கள் புனித பூமி என்று காத்த ஊரை வெள்ளைப் படை எரித்தது. அந்த இடம் இன்றைய லவுண்ட்ஸ் எல்லைக்குள்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டே ஒப்பந்தம் என்ற பெயரில் நிலம் பிடுங்கப்பட்டது. 1830-ல் கவுண்டி உருவானது. பருத்தி வந்தது, பருத்தியோடு விலங்கிட்ட மனிதர்கள் வந்தார்கள். 1860 கணக்கெடுப்பில் சுமார் இருபத்தேழாயிரம் பேரில் பத்தொன்பதாயிரம் பேருக்கு மேல் அடிமைகள்.

1865-ல் அடிமைமுறை ஒழிந்தது. நிலம் மட்டும் கை மாறவில்லை. அதே பண்ணையில் அதே சனம் வாரத்துக்கு உழுதது. விதை, கலப்பை, உப்பு, துணி எல்லாம் பண்ணையார் கடையில் பற்று. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். கணக்கு எழுதுகிறவனும் அவன், பேனாவும் அவனுது. 1901-ல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி எழுதி, ஓட்டுப் போட வரி கட்டணும், எழுதப் படிக்கத் தெரியணும் அல்லது சொத்து இருக்கணும் என்று கதவடைத்தார்கள். படித்த கறுப்பரும் பதிவு அலுவலகத்தில் தோற்றார். தேர்வு வைக்கிறவன் வெள்ளையன்.

1906-ல் ஓர் அறிஞர் இந்தக் கவுண்டிக்கு வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார். நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, குடும்பம் எப்படி வாழ்கிறது என்று அரசாங்கத் தொழிலாளர் துறைக்காக நடத்திய ஆய்வு அது. அரசு அதை வெளியிட மறுத்தது, பிறகு கையெழுத்துப் பிரதியையும் அழித்துவிட்டது. அந்த அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். தீண்டாதாரின் நிலையும் கறுப்பரின் நிலையும் ஒத்துப்போவதைச் சொல்லி 1946-ல் பாபாசாகேப் அம்பேத்கர் கடிதம் எழுதினாரே, அதே டு பாய்ஸ். ஒடுக்கப்பட்டவன் வரலாறு எழுதப்படாமல் போகவில்லை, எழுதியதும் எரிக்கப்படுகிறது என்பதற்கு லவுண்ட்ஸ் ஒரு சாட்சி.

1935-ல் வாரக் குடியானவர் சங்கம் இங்கே பருத்தி எடுப்பு வேலைநிறுத்தம் நடத்தியது. நூறு பவுண்டு பருத்தி எடுத்தால் ஒரு டாலர் கூலி கொடு என்றார்கள். பதில் துப்பாக்கியில் வந்தது. சங்கத்துக்காரர்கள் கொல்லப்பட்டார்கள், பலர் ஊரை விட்டே ஓடினார்கள். 'ரத்த லவுண்ட்ஸ்' என்று அந்த இடத்துக்குப் பெயர் விழுந்தது சும்மா இல்லை.

1965 தொடக்கத்தில் நிலைமை இது: மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பர். ஓட்டுப் போடும் வயதில் ஐயாயிரத்துக்கும் மேல். வாக்காளர் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. வெள்ளையர் பக்கம் பார்த்தால், வயது வந்தோர் எண்ணிக்கையைவிடப் பட்டியலில் பெயர் அதிகம்! செத்தவனும் ஊரை விட்டுப் போனவனும் வாக்காளராகவே இருந்தான். உயிரோடு உழைத்தவனுக்கு மட்டும் இடமில்லை. எண்பத்தாறு வெள்ளைக் குடும்பங்கள் நிலத்தில் தொண்ணூறு சதவீதத்தை வைத்திருந்தன என்று அன்றைய இயக்கத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த மார்ச்சில் ஜான் ஹூலெட்டும் சில பத்துப் பேரும் பதிவு கேட்டு ஹேன்வில்லுக்குப் போனார்கள். முதலில் திருப்பி அனுப்பினார்கள். அதே மாதத்தில் பெயர் ஏறியவர்கள் இரண்டு பேர்: ஹூலெட், இன்னொருவர் ஜே.சி. லாசன் என்ற பார்வையற்ற போதகர். மார்ச் 21 முதல் 25 வரை மார்ட்டின் லூதர் கிங் நடத்திய செல்மா – மான்ட்கோமரி நடைப்பயணம் இந்தக் கவுண்டியைக் குறுக்கே கடந்தது. ரோசி ஸ்டீல் என்ற மூதாட்டி தன் சொந்த நிலத்தில் ஓர் இரவு அவர்களைத் தங்க வைத்தார். பயணம் முடிந்த இரவே, ஆட்களை வண்டியில் கொண்டு விட்டுக்கொண்டிருந்த வயோலா லியுஸோ என்ற வெள்ளைப் பெண்மணியை இதே நெடுஞ்சாலை 80-ல் கிளான் கும்பல் சுட்டுக் கொன்றது. உலகம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனது. லவுண்ட்ஸ் சனங்களுக்குப் போக வேறு வீடு இல்லை.

அப்போதுதான் ஸ்டோக்லி கார்மைக்கேலும் மாணவர் அகிம்சைக் குழுவின் தோழர்களும் உள்ளே வந்து தங்கினார்கள். மேத்யூ ஜாக்சன் குடும்பம் தங்கள் வீடு ஒன்றை அவர்களுக்கு விட்டுக் கொடுத்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிலம் கொடுத்தவர், வீடு கொடுத்தவர், முன்னால் நின்றவர்களில் பலர், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உள்ளவர்கள். பண்ணையார் நிலத்தில் குடியிருந்தவனுக்கு அந்தத் துணிவு வர முடியாது. கோழை என்று அவனைச் சொல்லிவிட முடியுமா? அவன் காலுக்குக் கீழே இருந்த மண் அவனுடையது இல்லை.

1965 ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. சில நாளில் மத்திய அரசின் பதிவாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 20-ல், சிறையிலிருந்து விடுபட்ட இளைஞர்கள் ஹேன்வில் கடையில் குளிர்பானம் வாங்கப் போனார்கள். டாம் கோல்மன் என்பவன் துப்பாக்கியை நீட்டினான். ரூபி சேல்ஸ் என்ற கறுப்பு மாணவியைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தன் மேல் வாங்கிச் செத்தார் ஜொனாதன் டேனியல்ஸ் என்ற வெள்ளை இறையியல் மாணவர். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி கோல்மனை விடுதலை செய்தது.

ஓட்டுக்குப் பதிந்த வாரக் குடியானவர்களுக்குக் கிடைத்த தண்டனை வேறு மாதிரி. பரம்பரையாக இருந்த குடிசைகளிலிருந்து வெளியே தள்ளினார்கள். 1965 டிசம்பரில் நெடுஞ்சாலை 80 ஓரத்தில் கூடாரம் அடித்தார்கள். 'கூடார நகரம்' என்று பேர். இரவில் வண்டியில் வந்து சுட்டுவிட்டுப் போவார்கள். குளிரிலும் மழையிலும் குழந்தை குட்டியோடு இருந்தார்கள். யாரும் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகவில்லை.

இப்போது சின்னத்துக்கு வருவோம். அலபாமாவில் ஆண்ட ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதன் மேல் வெள்ளையர் மேலாதிக்கம் என்றே அச்சடித்திருந்தார்கள். இந்தச் சேவலுக்கா ஓட்டுப் போடுவது? நாமே கட்சி கட்டுவோம் என்று முடிவு செய்தார்கள். லவுண்ட்ஸ் கவுண்டி சுதந்திர அமைப்பு பிறந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கட்சிக்குச் சின்னம் வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கறுப்பரை மட்டம் தட்டி வைத்த அதே படிப்பறிவின்மை, சிறுத்தைக்கு வழி திறந்தது. அட்லாண்டாவின் கிளார்க் கல்லூரி அணிச் சின்னத்தைப் பார்த்து இயக்கத் தோழர்கள் அதை வரைந்தார்கள். சிறுத்தை வம்புக்குப் போகாது, மூலையில் தள்ளினால் பாயாமல் விடாது என்று ஹூலெட் விளக்கம் சொன்னார்.

இரவுகளில் மாதா கோயில்களில் வகுப்பு நடந்தது. ஷெரிப்பின் வேலை என்ன, வரி மதிப்பீட்டாளர் யார், அவர் பேனா யாரைப் பணக்காரனாக்குகிறது என்று படம் போட்ட சிறு புத்தகங்களை வைத்துப் படித்தார்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 டாலராக ஏற்றியது. இவர்களோ 1966 மே 3 அன்று ஹேன்வில் பாப்டிஸ்ட் மாதா கோயிலில் கூடித் தங்கள் வேட்பாளர்களைத் தாங்களே தேர்ந்தார்கள். சுமார் தொள்ளாயிரம் பேர் வந்தார்கள். வரி மதிப்பீட்டாளர் பதவிக்கு ஆலிஸ் மூர் நின்றார். பணக்காரனுக்கு வரி போட்டு ஏழைக்குச் சோறு போடுவேன் என்பதுதான் அவருடைய அறிக்கை.

நவம்பர் 8 தேர்தலில் ஏழு பேரும் தோற்றார்கள். பண்ணையார்கள் தங்கள் குடிகளை லாரியில் ஏற்றி வந்து சேவலுக்குக் குத்த வைத்தார்கள். ஓட்டு கையில் இருந்தது, கை பண்ணையாரிடம் இருந்தது. ஆனாலும் சனம் அசரவில்லை. 1970-ல் ஹூலெட் ஷெரிப் ஆனார். எந்தக் கோர்ட்டு வாசலில் திருப்பி அனுப்பப்பட்டாரோ அங்கேயே அதிகாரியானார். இருபத்திரண்டு ஆண்டு இருந்தார். போலீசு அடி நின்றது. இது சின்ன விசயம் இல்லை. அடிபட்டவனுக்குத்தான் தெரியும்.

நிலம்? அது எழுதப்பட்ட பேரிலேயே கிடந்தது. பருத்தி எடுக்க எந்திரம் வந்தது, பண்ணைகள் மாட்டு மேய்ச்சலாக மாறின, சனம் வடக்கு நகரங்களுக்குப் போனது. ஹூலெட்டும் பின்னாளில் ஜனநாயகக் கட்சிக்குள் போய்விட்டார். வரி போட்டுச் சோறு போடுகிற திட்டம் சிறுத்தையோடு அச்சுத்தாளில் தங்கிவிட்டது.

கரிசல் இன்னும் பழிவாங்குகிறது. சாக்கடைக் குழாய் வராத வீடுகளில் குழித்தொட்டி வைக்க வேண்டும். கரிசலில் சாதாரணத் தொட்டி வேலை செய்யாது. மழை வந்தால் மலம் வாசலுக்கே திரும்பி வரும். இந்த மண்ணுக்கு ஏற்ற தொட்டி வைக்கப் பல ஆயிரம் டாலர் ஆகும். முடியாதவர்கள் குழாயைக் கொல்லைக்கே விட்டார்கள். அதற்காகவும் அவர்கள் மேலேயே வழக்குப் போட்டது அரசு. இந்தக் கவுண்டியில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் என்ற பெண்மணி பல ஆண்டுகள் இதை ஊர் ஊராகச் சொன்னார். 2017-ல் வந்த ஓர் ஆய்வில் 55 பேரைச் சோதித்ததில் 19 பேருக்குக் கொக்கிப்புழுவின் தடயம் தெரிந்தது. மாநில சுகாதாரத் துறை அந்த ஆய்வைக் கேள்வி கேட்டது, கொல்லையில் கிடந்த மலத்தை அப்படியே விட்டது. 2023-ல் மத்திய நீதித் துறை, இதில் இனப் பாகுபாடு உண்டா என்று விசாரித்த பிறகு மாநிலத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு அதை ரத்து செய்தது. வாக்குரிமைக்காக உயிர் கொடுத்த மண்ணில், கக்கூசு கேட்பது சலுகை கேட்பதாகிவிட்டது.

2020 கணக்கெடுப்பில் லவுண்ட்ஸில் மிஞ்சியவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம். கூடாரம் அடித்த இடத்தில் 2006-லிருந்து அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதைச் சுற்றி இருக்கிற வயல்கள் யார் பெயரில் என்பதை அங்கே யாரும் காட்சிக்கு வைப்பதில்லை.

நம்மில் சிலர் சிறுத்தையைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள். சிலர் ஓட்டோடு சேர்த்துப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். இரண்டு பேரும் லவுண்ட்ஸ் கதையைப் படிக்கணும். கூடாரத்தில் கிடந்த அந்தக் குடியானவர்களுக்கு ஓட்டு என்பது நிலத்துக்கும் வரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற வழி. அந்த வழியில் ஷெரிப் ஆபீசு வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள், நிலம் வரைக்கும் போகவில்லை. கொடியில் சிறுத்தையை ஏற்றுகிற ஒவ்வொரு ஊரிலும், அந்தக் கொடிக்கம்பம் நட்ட மண் யார் பட்டாவில் இருக்கிறது என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.