காவிரிக் கரையில் வடிவமைப்புக் கல்வி: வந்தவர்களும் சென்ற வழிகளும்

காவிரிக் கரையிலுள்ள குத்தாலத்துக்குக் கிழக்கே மயிலாடுதுறையின் கூறைநாடு. மேற்கே, கும்பகோணம் சாலையில், திருபுவனம். இரண்டும் நெசவுக்குப் பேர்போனவை. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கிறார்கள், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு. வடிவமைப்பு கல்லூரிப் பாடமாவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வட்டாரத்தில் அது குலத்தொழிலாக இருந்தது. யார் கற்கலாம் என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியின் வரலாற்றை அந்தக் கட்டு தளர்ந்த வரலாறாகவே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பட்டறையிலிருந்து பள்ளிக்கு

சுவாமிமலைப் பட்டறையில் ஓலையை மடித்துச் சிலையின் தாள அளவு குறிப்பதைத் தந்தையின் அருகிலிருந்தே மகன் கற்றான். 1850இல் சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி வேறொரு முறையைக் கொண்டுவந்தது: முதலில் வரையக் கற்பது, பிறகு தொழில். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பகோணத்திலும், பின்னாளில் இக்கல்லூரியாக வளர்ந்த ஓவியப் பள்ளி வேரூன்றியது. கைத்தொழில் மரபில் பிறக்காத பிள்ளைகளும் இதனால் தூரிகை பிடித்தார்கள்.

மூன்று தடங்கள்

1924இல் தஞ்சாவூரில் பிறந்த கோபுலு கும்பகோணத்தில் ஓவியம் பயின்று ஆனந்த விகடனில் சேர்ந்தார். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு அவர் வரைந்த படங்களில் டெல்டாவின் முகங்கள் தமிழகமெங்கும் சென்றன. 1963இல் விகடனைவிட்டு விளம்பரத் துறைக்குப் போனார். பின்னர் சொந்த விளம்பர நிறுவனமும் தொடங்கினார்.

உப்பிலியப்பன் கோயில் ஊரைச் சேர்ந்த வீர சந்தானம் கும்பகோணத்திலும் சென்னையிலும் பயின்று, நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றினார். ஓவியக் கல்வி அவரைத் தறிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. தஞ்சாவூர் முள்ளிவாய்க்கால் முற்றம் நினைவிடத்தின் சிற்ப வடிவமைப்பிலும் அவர் கை இருந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. சிற்பக் குடும்பத்தில் பிறந்து சென்னையில் படித்த வித்யாசங்கர் ஸ்தபதி கும்பகோணம் கல்லூரியின் முதல்வரானார். குலவித்தை வகுப்பறைக்கு வந்த தடம் இது.

இன்றைய மாணவர், நாளைய கணக்கு

இன்று இக்கல்லூரியில் ஓவியம், சிற்பத்தோடு காட்சித் தொடர்பு வடிவமைப்பும் பட்டப்படிப்பாக உள்ளது. 69 சதவீத இடஒதுக்கீடு அரசுக் கல்லூரிகளின் சேர்க்கையைச் சமூகத்தின் எல்லாத் தரப்புக்கும் விரித்திருக்கிறது. ஆனால், படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பொறியியல் கல்லூரிகளைப் போல வளாக வேலைவாய்ப்பை வைத்து எண்ணினால், கலைக் கல்வியின் பலன் கண்ணில் படாது. கோபுலு விளம்பரத் துறைக்குப் போனது படிப்பு முடிந்து பல ஆண்டுகள் கடந்த பிறகு. முதலாண்டுச் சம்பளப் பட்டியல் அந்த நகர்வை எப்படிப் பதியும்? பள்ளி ஓவிய ஆசிரியர், திருபுவனத்தில் ஜக்கார்டு அட்டைக்குக் கட்டம் வரைபவர், சொந்தமாகப் பெயர்ப்பலகை எழுதுபவர் ஆகியோரும் அதில் இடம்பெறுவதில்லை.

எனவே சேரும்போது பெற்றோரின் தொழிலையும், முடித்து 5ஆம், 15ஆம் ஆண்டுகளில் பட்டதாரியின் தொழிலையும் கல்லூரி பதிந்துவைக்க வேண்டும். நெசவாளர் மகள் வடிவமைப்பாளராகத் தறிக்குத் திரும்பினாளா, விவசாயக் கூலியின் மகன் பதிப்பகத்தில் அட்டை வடிவமைக்கிறானா என்பதை அந்தப் பதிவேடு சொல்லும். வரி கொடுத்து இக்கல்லூரியைக் காக்கும் டெல்டா மக்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.